முன்னோரைத் தேடுவோர் கேட்கும் முறை

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சமுதாயத்தில் அண்மைக் காலமாக ஒரு நல்ல ஆர்வம் தலையெடுத்துள்ளது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், "எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் யார்? எந்த ஊரிலிருந்து வந்தோம்?" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். வம்சாவளி எழுத வேண்டும் என்று என்னிடம் வருவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் விடை கிடைக்கவில்லை என்று வருந்துகின்றனர். நான் கண்ட அளவில், விடை இல்லாமையினும் கேட்ட முறை பொருந்தாமையே பல இடங்களில் தடையாக இருந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பழகிய நானே இதில் பெரும் பிழை செய்தவன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில், உதவி கேட்பதற்கு நம் வரலாற்றிலேயே உள்ள ஒரு நல்ல முன்மாதிரியை நினைவூட்ட விரும்புகிறேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கினார். பெரும்புலவரிடம் பல நூல்களைப் பாடங்கேட்டவர் அவர். ஆயினும் சமண சமயக் கருத்துகளும் குறியீட்டுச் சொற்களும் அவருக்கு விளங்கவில்லை. அவ்வூரிலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்தைத் தேடிச் சென்றார். நம்மவர் இல்லங்களில் சிந்தாமணி வழிவழியாகப் படிக்கப்பட்டு வருவதை அங்கேதான் கண்டார். பொருள் விளங்காத இடங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. தாம் பெற்ற உதவியைப் பல ஆண்டுகளுக்குப் பின் தம் வரலாற்று நூலாகிய 'என் சரித்திரம்' என்பதில் மறவாமல் எழுதி வைத்தார்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. தம்மால் இயன்றவரை படித்துவிட்டுத்தான் பிறரிடம் சென்றார். அறிந்தவர் யார் என்று விசாரித்து அவரிடமே சென்றார். பெற்ற உதவியைப் பெயர் சொல்லிப் பதிந்தார். குல வரலாறு தேடுவோர்க்கும் இம்மூன்றே அடிப்படை.

இனி, கேட்பதற்கு முன் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஒரு தாளை எடுத்து உங்கள் பெயரில் தொடங்குங்கள். பெற்றோர், பெற்றோரின் பெற்றோர் என்று மேலே செல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று குறியுங்கள். பத்திரத்தில் கண்டதா, கல்லில் கண்டதா, அத்தை சொன்னதா, உங்கள் ஊகமா? கண்டது வேறு, கேட்டது வேறு, கருதியது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பின்னர்ப் பிரிக்க இயலாது.

பிறகு வீட்டிலுள்ள சான்றுகளைத் திரட்டுங்கள். பழைய திருமண அழைப்பிதழ்களை எறிந்துவிடாதீர்கள். "இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமாகிய" என்ற ஒரு வரியில் மூன்று தலைமுறை அடங்கியுள்ளது. சாதகக் குறிப்பு, நிலப் பத்திரம், பங்கு பிரித்த பாகப் பத்திரம், ஜினாலயத்தில் விளக்கிலும் மணியிலும் பொறித்த 'உபயம்' என்ற எழுத்து, இவை யாவும் சான்றுகளே. இல்லத்தில் ஸ்ரீபுராண ஏடு இருந்தால் அதன் கடைசி ஏட்டைப் பாருங்கள். ஏட்டைப் படி எடுத்தவர் தம் பெயரையும் ஆண்டையும் அங்கே எழுதியிருக்கக்கூடும். இந்த விழா மலர் போன்ற பழைய மலர்களின் நன்கொடையாளர் பட்டியல்கூட உதவும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தந்தை பெயரையும் ஊரையும் அதில் நம்பலாம். பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொட்டுவிட்டால் வயது நிறைந்தது என்று கொண்டு, ஆசிரியர் ஒரு தேதியை எழுதிய காலம் அது.

அடுத்து, கேள்வியை எவ்வாறு அமைப்பது? இரண்டு கடிதங்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பெயர்கள் கற்பனையே. முதற்கடிதம் இப்படி இருக்கிறது: "ஐயா, என் பூட்டனார் ஆதிநாத நயினார். சித்தாமூர்க்காரர். அவரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதியனுப்ப வேண்டுகிறேன்."

இக்கடிதத்தைப் பெற்றவர் என்ன செய்வார்? ஆதிநாதர் முதல் தீர்த்தங்கரர்; ஊருக்கு ஊர் அப்பெயர் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபாதலால் ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர் வரும். நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. ஒருவரே ஒரு பத்திரத்தில் நயினார் என்றும் இன்னொன்றில் முதலியார் என்றும் குறிக்கப்பட்டிருக்கலாம். ஊர்ப் பெயரும் அத்தகையதே. திருமடம் உள்ள மேல்சித்தாமூர் செஞ்சிப் பகுதியில் உள்ளது. மதுராந்தகம் பகுதியிலும் ஒரு சித்தாமூர் உண்டு. கேட்டவர் எதனைக் கருதினார் என்று தெரியாமல், கடிதம் பெட்டியின் மேல் கிடக்கும்.

இரண்டாம் கடிதம் இவ்வாறு இருக்கிறது: "ஐயா, வணக்கம். நான் மேல்சித்தாமூர் ஆதிநாத நயினாரின் கொள்ளுப்பேரன். அவர் மகன் விருஷபதாச நயினார் வழியில் வந்தவன். ஆதிநாத நயினார் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கருதுகிறேன். 1938-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் அவர் தந்தை பெயர் இருக்கும் இடம் செல்லரித்துவிட்டது. அதன் படியை இணைத்துள்ளேன். தங்கள் இல்லத்துப் பெரியவர்கள் அவர் தந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டதுண்டா? இஃது ஒன்றே இப்போது எனக்குத் தெரிய வேண்டும். நிலம் தொடர்பாகக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வம்சாவளி எழுதி வைக்கவே கேட்கிறேன்."

இக்கடிதத்தில் கேட்பவர் யார் என்பது தெரிகிறது. தேடப்படுபவர் யாருடைய தந்தை, எக்காலத்தவர், எவ்வூரினர் என்பது தெரிகிறது. இதுவரை எங்கே தேடினார் என்பதும், எந்த ஒன்று வேண்டும் என்பதும் தெரிகின்றன. நோக்கமும் தெரிகிறது. "நிலம் தொடர்பாகக் கேட்கவில்லை" என்ற வரியைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் அவ்வரி மிகவும் தேவை. நீண்ட காலம் வராத உறவினன் ஒருவன் திடீரென்று வந்து பாட்டனார் பெயரையும் பழைய பத்திரத்தையும் விசாரித்தால், பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றே எந்த வீட்டிலும் நினைப்பார்கள். அந்த ஐயத்தை நாம்தான் முதலில் நீக்க வேண்டும்.

ஊரைக் குறிக்கும்போது வட்டத்தையும் அக்காலத்து மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிகள் 1989 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. விழுப்புரம் மாவட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. பழைய ஆவணத்தைத் தேடித் தர முன்வரும் அலுவலர்க்கு இக்குறிப்பு பெரிதும் உதவும்.

ஆண்டைக் கேட்பதிலும் கருத்து வேண்டும். நம் பெரியவர்கள் தமிழ் ஆண்டின் பெயரையே சொல்வர். "தாது வருடத்தில் கிணறு வெட்டினார்" என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு கழித்து வந்த 1936-ஆம் ஆண்டாகவும் இருக்கலாம். அவ்விடத்தில், "அந்தக் கிணற்றை வெட்டியதைத் தாங்கள் பார்த்தீர்களா, பிறர் சொல்லக் கேட்டீர்களா?" என்று இன்னொரு கேள்வி கேட்டால் ஐயம் நீங்கும். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் திகைக்கும் முதியவர், "நாடு விடுதலை பெற்றபோது அவர் இருந்தாரா? தங்கள் திருமணத்திற்கு வந்திருந்தாரா?" என்று கேட்டால் உடனே விடை சொல்வார்.

முதியோரிடம் நேரில் கேட்பதற்கும் முறை உண்டு. முன்னதாகச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் நியமம் உடையவர் இல்லத்தில் மாலை 5 மணிக்கு அமர்ந்து வினாக்களை அடுக்காதீர்கள். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் உண்ணாநோன்பு இருப்போரையும் அன்று களைப்படையச் செய்யாதீர்கள். பழைய நிழற்படம் ஒன்றை எடுத்துச் சென்று அவர் கையில் கொடுங்கள். கேள்வி கேளாமலே பல பெயர்கள் வெளிவரும். விடையை நீங்களே சொல்லித் தலையாட்டச் செய்யாதீர்கள். "பாட்டி பிறந்த ஊர் வீடூர்தானே?" என்று கேட்டால், நமக்கு மனம் கோணக் கூடாதென்று "ஆமாம்" என்பார்கள். "பாட்டி பிறந்த ஊர் எது?" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே தூண்டித் துருவாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஆறாத புண் ஒன்று இருக்கும். கொல்லாமை என்பது உயிரை எடுக்காமை மட்டுமன்று. உள்ளத்தை நோகச் செய்யாமையும் அதனுள் அடங்கும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

பெண்மக்களைப் பற்றிக் கேட்க மறவாதீர்கள் என்று குறிப்பாக வேண்டுகிறேன். நான் பார்த்த வம்சாவளிகளில் பெரும்பாலானவை தந்தை, மகன், பேரன் என்று ஆண்கள் பெயராகவே இறங்குகின்றன. அவர்களைப் பெற்ற தாயின் பெயர் இல்லை. அவள் பிறந்த ஊர் இல்லை. மனைவி என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. நம் ஊர்கள் ஒன்றோடொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவை. பெண்ணின் பிறந்தகம் தெரியாவிட்டால் பாதிக் குடும்பம் தெரியாமலே போகும். இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் கூடத்தில் அமர்ந்திருக்கும் ஆண்கள் அல்லர். அடுக்களையில் இருக்கும் பாட்டிமார்களே. அவர்களிடம் கேளுங்கள்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். என் பாட்டனாரைப் பெற்ற தாய் எந்த ஊரில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியவில்லை. என் தந்தையார்க்கும் தெரியாது. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்குப் பெரியப்பா முறையாக வேண்டிய ஒருவர் இருந்தார். வயது 86. எங்கள் குடும்பச் செய்திகளை அறிந்தவர் அவர் ஒருவரே. 2004-ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். தேர்வுக்கு வினாத்தாள் அமைத்த பழக்கம் என்னை விடவில்லை. எண்ணிட்டு 32 வினாக்களை எழுதியிருந்தேன். குலத்தின் தோற்றம், ஊர் மாறிய காரணம், நிலத்தின் பரப்பு, ஜினாலயத் திருப்பணி என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்த வினா 27-ஆவதாக இருந்தது.

பதில் வரவில்லை. மூன்று மாதம் பார்த்தேன். பெரியப்பாவுக்கு இதில் அக்கறை இல்லை என்று மனத்தில் குறைப்பட்டுக்கொண்டேன். மீண்டும் எழுதவும் இல்லை, நேரில் செல்லவும் இல்லை. பேருந்தில் சென்றால் மூன்று மணி நேரப் பயணம்தான். அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் மகள், "அண்ணா, இது உங்களுடையது" என்று ஓர் உறையைக் கொடுத்தார். என் கடிதம் அதில் இருந்தது. கூடவே கோடிட்ட தாள்கள் சில. நடுங்கும் கையால் முதல் வினாவுக்கு ஒன்றரைப் பக்கம் விடை எழுதியிருந்தார். இரண்டாவதற்கு ஒரு பக்கம். மூன்றாவது, நான்காவது வினாக்களுக்குச் சில வரிகள். ஐந்தாவதற்கு நேரே, "யோசித்து எழுத வேண்டும்" என்று இருந்தது. அதற்குமேல் இல்லை. "எல்லாவற்றுக்கும் எழுதி முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் அண்ணா. வாத்தியார் கேட்டிருக்கிறான், அரைகுறையாக அனுப்பக்கூடாது என்பார்" என்றார் அந்தத் தங்கை.

அவர் அக்கறையற்றவர் என்று நான் நினைத்திருந்த மாதங்களில் எல்லாம் அவர் எனக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். 27-ஆம் வினாவை முதலில், தனியாக, ஓர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தால் அந்த வாரமே விடை வந்திருக்கும். அன்று அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நான் பட்ட வருத்தத்தை உங்களில் யாரும் படக்கூடாது என்பதற்காகவே இன்று இதைப் பேசுகிறேன்.

பின்னர் எனக்கு ஓரளவு விடை கிடைத்தது. அந்தத் தங்கையிடமே, இம்முறை ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: "நம் பூட்டியாரின் பிறந்தகத்தார் யாரேனும் உங்கள் வீட்டுக்கு வந்து போனதை அப்பா சொன்னதுண்டா?" அவருக்குத் தெரியவில்லை. ஆனால், "எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஒரு குத்துவிளக்கு இருக்கிறது, அது நம் வீட்டுப் பெண் ஒருத்தி சீதனமாகக் கொண்டு வந்து கொடுத்தது என்று அப்பா காட்டியிருக்கிறார்" என்றார். விளக்கின் அடிப்பகுதியைப் புளியிட்டுத் தேய்த்துப் பார்த்தபோது பூட்டியாரின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், ஊரின் பெயரும் தெரிந்தன. நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பெண்ணின் பெயர் இறைவன் சந்நிதியில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் ஒளியில் நின்று வணங்கிய எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரியாது என்று சொல்பவரும் வழிகாட்டக்கூடும் என்பதை அன்று அறிந்தேன். ஆகவே யாரிடம் கேட்டாலும் முடிவில், "இதனை வேறு யாரிடம் கேட்கலாம்? எங்கே பார்க்கலாம்?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

அலுவலகங்களில் கேட்பதற்கும் ஒரு சொல். சார்பதிவாளர் அலுவலகத்தில் "எங்கள் குடும்பப் பத்திரங்கள் வேண்டும்" என்றால் யாராலும் தர இயலாது. கிராமம், புல எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறித்து வில்லங்கச் சான்று கேளுங்கள். அதில் பத்திர எண் கிடைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு நகல் பெறலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கும், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கும் செல்வோர், எந்த வட்டம், எக்காலம், எவ்வகை ஆவணம் அல்லது சுவடி என்று எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். ஜினாலயத்திலும் திருமடத்திலும் கேட்கும்போது பூசை வேளையையும் விழா நாளையும் தவிர்த்துக் கேளுங்கள். ஏடுகளையும் பதிவேடுகளையும் "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத் தருகிறேன்" என்று கேட்காதீர்கள். கொண்டுபோன ஏடு திரும்பாத கதைகள் ஊர்தோறும் உண்டு. அங்கேயே அமர்ந்து, இசைவு பெற்றுப் படமெடுத்துக்கொண்டு, எடுத்த ஒழுங்கிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கள்ளாமை என்ற விரதம் இங்கேயும் பொருந்தும்.

உதவி கிடைத்த பின் செய்ய வேண்டியவையும் உள. விடை வந்தவுடன் நன்றி எழுதுங்கள். விடை பயன்படாவிட்டாலும் எழுதுங்கள். கண்டறிந்ததை உதவியவர்க்கும் ஒரு படி அனுப்புங்கள். வம்சாவளி முடிந்ததும் அதில் அவர் பெயரைச் சேருங்கள். அவர் சொன்னது தவறென்று பின்னர்ச் சான்று கிடைத்தால் பணிவாகத் தெரிவியுங்கள்; சபையில் சொல்லி நாணச் செய்யாதீர்கள். வாழ்ந்துகொண்டிருப்போரின் பிறந்த தேதி, முகவரி, குடும்பச் சிக்கல் ஆகியவற்றை அவர்தம் ஒப்புதலின்றி அச்சிடவோ கைப்பேசிக் குழுக்களில் பரப்பவோ வேண்டா. தேடிக் கண்டதைப் பூட்டி வைப்பதும் ஒருவகைப் பற்றே. இறந்த முன்னோரைப் பற்றி அறிந்ததை உறவினர் அனைவர்க்கும் பகிருங்கள். நாளை வேறொருவர் உங்களிடம் கேட்டு வருவார். அப்போது அவர் முழுமையாகக் கேட்கத் தெரியாமல் கேட்டாலும், பொறுமையோடு, "எந்த ஊர், யார் மகன்?" என்று நீங்களே கேட்டு உதவுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாம் எழுதி முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று காத்திராதீர்கள். தெரிந்த ஒரு பெயரை இன்றே சொல்லிவிடுங்கள். மீதியை நாளை சொல்லலாம்.

இளைஞர்களே, இந்தப் பந்தலிலேயே 80 வயதைக் கடந்தவர்கள் பலர் அமர்ந்திருக்கின்றனர். உணவு முடிந்து ஊருக்குப் புறப்படுமுன் அவர்களுள் ஒருவர் அருகே சென்று அமருங்கள். உங்கள் பெயரையும், தந்தை பெயரையும், ஊரையும் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு எது மிகவும் தெரிய வேண்டுமோ, அதை முதலில் கேளுங்கள்.

 வாழ்க அருகநெறி! வளர்க நல்லறம்!